வண்டூரில் வளர்ந்தவன்

இருபது வயதில் மார்மன் கிறிஸ்தவ சபையின் ஊழியனாக என்னைப் போர்ட் பிளேருக்கு அனுப்பினார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டை. எனக்கு ஜோடியாக வந்தவன் விசாகப்பட்டினத்துக்காரன். ஒருவரையொருவர் ‘எல்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். மீசை சரியாக முளைக்காத இரண்டு மூத்தவர்கள். லம்பா லைன் பகுதியில் ஒரு மாடி அறையில் இருந்தோம். விடிந்ததும் ஜெபம், படிப்பு, பிறகு சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். எங்கே போனாலும் இருவரும் சேர்ந்தேதான் போக வேண்டும். டீ, காபி கிடையாது. கடலில் இறங்கக் கூடாது. சுற்றிலும் கடல் இருக்கும் ஊரில் அதுதான் கஷ்டம். வேர்த்து ஒழுகும் மத்தியானங்களில் டையோடு கரையில் நின்று, மற்றவர்கள் குளிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

யார் வீட்டுக் கதவையும் நாங்களாகத் தட்டுவதில்லை, கூப்பிட்டால் போவோம். ஊர் முழுக்க இந்திதான் பேச்சு என்பதால் பேசுவது ஜோடியின் வேலை, தலையாட்டுவது என் வேலை. ஒரு நாள் பஸ்ஸில் நான் அம்மாவோடு போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, பின்சீட்டுக்காரர் என் தோளைத் தொட்டார்.

“தமிழா தம்பி? டையெல்லாம் கட்டியிருக்கீங்க, எந்த ஆபீஸ்?”

சொன்னேன். அவர் வண்டூரில் டூரிஸ்ட் படகில் வேலை பார்ப்பவர்.

“செத்தவங்களப் பத்தி உங்க வேதத்துல என்ன சொல்லுது?”

“குடும்பம் சாவோட முடியறதில்லன்னு நம்புறோம் அண்ணே.”

“ஒரு தடவ வீட்டுக்கு வந்து எங்க வீட்டம்மாகிட்ட அதச் சொல்லுங்க” என்றார்.

அடுத்த வாரமே போனோம். கரையிலிருந்து உள்ளே தள்ளி, பாக்கு மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட வீடு. போகிற வழியில், சுனாமியின்போது தாழ்ந்துபோன வயல்களில் கடல்நீர் நின்றது; பட்ட மரங்கள் அதற்குள் விறைத்து நின்றன. அவர் வீட்டம்மா, அந்த அக்கா, டீ கொண்டுவந்தார். வேண்டாம் என்றதும், “வயித்துல புண்ணா?” என்று கேட்டுவிட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். என் வயதைக் கேட்டார்.

“அச்சா! எங்க பெரியவனுக்கும் இதே வயசுதான். பாலிடெக்னிக் படிக்கிறான். இப்பத்தான் வெளிய போனான், நீங்க வர்றீங்கன்னு சொல்லியும் நிக்கல. பயங்கர ஜித்துக்காரன், சொன்னாக் கேக்க மாட்டான்.”

கொடியில் இளைஞர்கள் போடும் கட்டம் போட்ட சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. மகன் வந்தால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். வரவில்லை.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்த அண்ணன், வழியில் சொன்னார். அவர்கள் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். வீட்டு முன்னோர் சிலோனிலிருந்து வந்து குடியேறியவர்கள். சுனாமி வந்த காலையில் அந்தப் பையனைத்தான் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அப்போது அவனுக்கு ஐந்து வயது. உடல் கிடைக்கவில்லை.

“அதுக்கப்புறம் வருஷா வருஷம் அவன வளத்துக்கிட்டே வர்றா தம்பி. ஸ்கூல் சேத்தா. பத்தாவது பாஸ் பண்ண வச்சா. சட்டை சைஸ் மாத்தி மாத்தி வாங்குறா. துவைக்கிறா. நான் ஒண்ணும் சொல்றதில்ல. மத்தபடி அவ எல்லாரையும் போலத்தான்.”

ஜோடிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

மூன்றாவது முறையோ நான்காவது முறையோ போனபோது, அந்த அக்கா என் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார். அண்ணன் அரிவாள்மணையில் மீன் அரிந்துகொண்டிருந்தார்.

“தம்பி, நீங்க சொல்றீங்கல்ல, அங்க குடும்பமெல்லாம் சேந்துக்கும்னு. அங்க புள்ளைங்க எந்த வயசுல இருக்கும்?”

இதற்கான பதிலை நான் படித்திருந்தேன். நான் ஆறுதலாக நினைத்த பதில் அது. “சின்னப் புள்ளையாப் போனவங்க சின்னப் புள்ளையாவே எழும்புவாங்க அக்கா. அவங்கள வளக்குற பாக்கியத்த அம்மாவுக்கே குடுப்பாங்க.”

அவர் முகத்தில் மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். அவர் என்னையே பார்த்தார்.

“மத்லப், அப்படின்னா அவன் இன்னும் அஞ்சு வயசுலதான் நிக்கிறானா?”

“ஆமாக்கா.”

“அப்ப இத்தன வருஷமா நான் வளத்தது யாரு?”

மீன் அரியும் சத்தம் நின்றது. நான் ஜோடியைப் பார்த்தேன். தமிழ் தெரியாமலே அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த அக்கா எழுந்து கொடியிலிருந்த துணியை எடுத்து, நிதானமாக மடித்தார். மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“டீக் ஹை, சரி. அந்த அஞ்சு வயசுச் சின்னவன் உங்க சாமிகிட்டயே இருக்கட்டும், நான் வந்து வளத்துக்குறேன். பெரியவன் என்கூட இருக்கட்டும். அவனக் குடுன்னு யாரும் கேக்கக் கூடாது.”

அன்று திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் என் முன்னால் வந்து எத்தனை பேர் என்று இந்தியில் கேட்டார்.

“தீன்” என்றேன்.

ஜோடி சிரித்தான். “தோ, எல்டர். நாம ரெண்டு பேர்தான்.” நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவன் சிரிப்பும் அடங்கியது. மூன்று என்று நான் யோசித்துச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறும்போது, பின்னால் ஒருவன் ஏறட்டும் என்று ஒதுங்கி வழிவிட்டிருந்தேன். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு அக்காவின் பெரியவன் எங்களோடு இருந்தான். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெருவில் நடக்கும்போது வேகத்தைக் குறைப்பேன். சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசி கூடுதலாக விழும். “எல்டர், யாருக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே?” என்று ஜோடி ஒருமுறை கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். சில வாரம் கழித்து அவனே என்னைக் கேட்காமல் மூன்று இளநீர் வாங்கிவந்தான். வெயில் சாயும்வரை மூன்றாவது இளநீர் கரைச்சுவரில் அப்படியே இருந்தது.

ஊழியக் காலம் முடிந்து கோயம்புத்தூருக்குத் திரும்பினேன். விமான நிலையத்தில் பெயர்ப் பட்டையைக் கழற்றியபோது, இனி தனியாக நடக்கலாம் என்பதே பயமாக இருந்தது. இப்போது ஒரு மில்லில் கணக்குப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிறேன். பிள்ளைகளின் வயதைப் பற்றிய அந்தப் பதிலை மட்டும் அதற்குப் பிறகு யாருக்கும் சொன்னதில்லை.

போன மாதம் அந்த அக்கா போன் செய்தார். என் அம்மாவை விசாரித்தார். எனக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று கேட்டார். நடக்கிறது என்றேன்.

“எங்க பெரியவனுக்கும் பாக்கலாம்னு இருக்கேன் தம்பி. மெயின்லேண்ட் பொண்ணுன்னாலும் சரி.”

“மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேப்பாங்களேக்கா” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. “அதத்தான் சொல்றேன். கப்பல் வேலைதான் வேணுமாம். கடல் வேணாம்டா, கடல் வேணாம்டான்னு தலைதலையா அடிச்சுக்கிறேன். நீங்க சொன்னாக் கேப்பான் தம்பி. இருங்க, குடுக்குறேன்.”

போன் கைமாறும் சத்தம் கேட்டது. அண்ணன் பேசுவார் என்று காத்திருந்தேன். யாரும் பேசவில்லை, ஆனால் யாரோ போனைக் காதில் வைத்திருந்தார்கள். மூச்சு கேட்டது.

“அம்மா சொல்றதக் கேளு” என்றேன்.