இளஞ்சோளம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பச்சைச் சோளத்தட்டு ஏற்றிய டிராக்டர் கடந்தபோது, அந்த வாசனையில், இன்று மனைக்கற்கள் நட்டுக்கிடக்கும் கோட்டை மலையடிவாரத்தில், சிறுவயதில் எங்கள் தெருப் பிள்ளைகள் வைத்திருந்த ஆட்டுப்பட்டி எனக்குள் கத்தத் தொடங்கிவிட்டது. அடுத்தவர் ஆட்டை வாரத்துக்கு வளர்த்தால் ஈனும் குட்டியில் பாதி எங்களுக்கு. புழுக்கை போட்ட பாத்தியில் முளைத்த கீரை தெருவுக்கே குழம்பாகும். சினையாடு ஈனும் குட்டியை விற்றுத்தான் அக்கா ஒன்பதாவது சேர இருந்தாள். வெயிலில் வாடிய இளஞ்சோளம் விஷமென்று தெரியாமல், அவளுக்கு உதவுவதாக நினைத்து ஒரு கட்டு அறுத்துப் போட்டேன். பொழுது சாய்வதற்குள் ஆடு விறைத்துப்போனது.

“நான்தான் போட்டேன்னு நைனாகிட்ட சொல்லிட்டேன். நீ ஸ்கூலுக்குப் போடி” என்றாள் அக்கா.

போனேன். அவள் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களையெடுக்கப் போனாள். நைனா செத்து வருஷங்களாகிறது. நான் இன்னும் சொல்லவில்லை.