தள்ள வேண்டாத கார்

தொண்ணூற்றொன்றாம் வருடம் ஸ்ரீபெரும்புதூரில் என்னிடம் சொந்தமாக ஒரு கார் இருந்தது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் நான் அப்போதே பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காரைப் பார்த்திருந்தால் அப்படி நினைக்க மாட்டார்கள். இரண்டே கதவு. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் முட்டி மோவாயில் இடிக்கும். வெளிறிப்போன நீலம். எங்கள் தொழிற்சாலையின் பழைய மேனேஜர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது, வழியில் எங்காவது நின்று மானத்தை வாங்கிவிடும் என்று பயந்து அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

நானும் தெரிந்தேதான் தலையை நீட்டினேன். நான் லைன் சூப்பர்வைசர். கம்பெனி பஸ்ஸில் நான் ஏறினால் பேச்சு நின்றுவிடும். அதுவரை ஒருவரையொருவர் வாரிக்கொண்டிருந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். என் பக்கத்து சீட்தான் கடைசியாக நிரம்பும். நான் ஒன்றும் கொடுமைக்காரன் இல்லை. ஆனால் ஓ.டி.க்குக் கையெழுத்துப் போடுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? இருங்காட்டுக்கோட்டை தாண்டிப் போகிற வரைக்கும் ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பதைவிட, காரில் தனியாகப் போவது கௌரவமாகப் பட்டது.

அப்போது எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. கல்யாணப் பேச்சு ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டிருந்தார்கள். அப்பா அம்மா இல்லை. தெற்கே அண்ணன் வீட்டில் நான் தீபாவளிக்கு வந்துபோகிற விருந்தாளி. தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் காஞ்சிபுரத்தில் இருந்தார். கீழ்ப்பகுதி பூட்டியே கிடந்தது.

கார் காலையில் தானாகக் கிளம்பாது. எஞ்சின் தேய்ந்துபோயிருந்தது. சாவியைத் திருப்பினால் கிழவர் இருமுவதுபோல நாலு இருமல், பிறகு அமைதி. தள்ளினால்தான் உயிர் வரும். தொழிற்சாலை வாசலில் சரிவு இருந்ததால், சாயங்காலம் உருட்டிவிட்டே கிளப்பிக்கொள்வேன். நான் இறங்கி, பானட் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நிற்பேன். அதுதான் சிக்னல். எதிரே இருந்த டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வருவார்கள். முதல் ஆள் எப்போதும் பஞ்சர் கடைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தோள் அகலமான மனிதர். அவருக்குப் பின்னால் அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிற இரண்டு பேர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே வருவார்கள். டீக்கடைக்கார அக்கா தள்ள வர மாட்டார். ஆனால் பாய்லருக்குப் பின்னால் நின்று சத்தம் போட்டு யோசனை சொல்வது அவர்தான்.

பஞ்சர் கடைக்காரர் டிரைவர் பக்கத்து ஜன்னலில் கை கொடுத்துத் தள்ளுவார். அப்போதுதான் எனக்கு உத்தரவு போட வசதி. "ரெண்டாவதுல போட்டியா? கிளச்ச மிதி. இப்ப வுடாத... வுடாத... ஆங், இப்ப வுடுய்யா! இன்னாய்யா ஆளு நீ, கம்பெனில நூறு பேர மேய்க்கிற, ஒரு கிளச்ச வுடத் தெர்ல!"

தொழிற்சாலையில் என்னிடம் இப்படி ஒருத்தன் பேசியிருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். இங்கே அதைக் கேட்பதற்காகவே சில நாள் கிளட்ச்சைத் தப்பான நேரத்தில் விட்டிருக்கிறேன்.

வண்டி பிடித்துக்கொண்டதும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக்கே வந்துவிடுவேன். தள்ளியவர்களுக்கு டீ என்பது யாரும் பேசி வைக்காத ஏற்பாடு. எஞ்சினை அணைக்க முடியாது, அணைத்தால் மறுபடி தள்ள வேண்டும். அதனால் அது உறுமிக்கொண்டே புகை விட, நாங்கள் அதன் பக்கத்தில் நின்று கத்திக் கத்திப் பேசியபடி டீ குடிப்போம். பஞ்சர் கடைக்காரர் தன் மகளுக்கு வந்த வரன்களைப் பற்றிச் சொல்வார். மண்டி ஆட்கள் முதலாளியைத் திட்டுவார்கள். அக்கா தினமும் என்னைக் கேட்பார்: "ராத்திரி இன்னா துன்ன?" பன் என்று சொன்னால் திட்டு விழும். ஒரு நாளில் என்னைப் பற்றி யாராவது கேட்கிற ஒரே கேள்வி அதுதான். காரில் ஏறித் தொழிற்சாலைக்குப் போகிற வழியெல்லாம் அந்தத் திட்டு எனக்கு இதமாக இருக்கும்.

அந்த வருடம் மே மாதம் எங்கள் ஊரில் நடந்த கொலை நாட்டையே உலுக்கியது. அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் பிறகு லாட்ஜுகளிலும் வாடகை அறைகளிலும் தனியாக இருந்த வெளியூர் ஆண்களையெல்லாம் போலீஸ் விசாரித்தது. என் அறைக்கும் இரண்டு பேர் வந்தார்கள். கம்பெனி அடையாள அட்டையைக் காட்டினேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வயதான போலீஸ்காரர் கேட்டார்: "இந்த ஊர்ல உன்ன யாருக்குத் தெரியும்?"

ஆறு வருடமாக அந்த ஊரில் இருக்கிறேன். ஒரு பெயர் சொல்ல நாக்கு எழவில்லை. என்னைத் தெரியும் என்று யாரைச் சொல்வது, சொன்னால் அவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, பஞ்சர் கடைக்காரர் கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்தார்.

"எங்களுக்குத் தெரியும் சார். தெனிக்கும் காலைல இந்தாளு வண்டிய நாங்கதான் தள்ளிக்கினு கீறோம்."

போலீஸ்காரருக்கு அந்த நாட்களிலும் சிரிப்பு வந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவு புரிந்தும் நான் செய்த காரியம்தான் விசித்திரம். மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் தள்ளி முடித்ததும் பஞ்சர் கடைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். முகம் சுருங்கியிருந்தது. நான் பதறி இறங்கப் போனேன். "ஒண்ணுமில்ல, புடிப்பு. நீ எறங்காத, வண்டி நின்னுரும். கெளம்பு" என்றார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நாலு பேருக்குப் பாரமாக இருக்கிறோம், அவர்கள் நல்லவர்கள் என்பதால் சொல்லாமல் சுமக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. தனியாக இருந்து பழகியவனுக்கு இந்த எண்ணம் வந்தால் போகாது. யாருக்கும் தொந்தரவில்லாமல் இருப்பதைத்தான் அவன் மரியாதை என்று படித்து வைத்திருக்கிறான்.

ஹைவேயில் லாரிகளைப் பிரித்து மாட்டுகிற ஷெட் ஒன்று இருந்தது. அங்கிருந்த மெக்கானிக்கிடம், பின்பக்கம் லாரி மோதி நசுங்கிப்போன பெரிய கார் ஒன்றின் எஞ்சின் கிடந்தது. முன்பக்கம் அடிபடாததால் எஞ்சின் சுத்தமாக இருந்தது. என் பழைய எஞ்சினைப்போல ஒன்றரை மடங்கு பலம். "ஒக்கார வெச்சிரலாம். ஆனா உன் வண்டி ரொம்ப சின்னதுப்பா" என்று தலையைச் சொறிந்தார். பழைய எஞ்சினையே பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்தால் போதும் என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. இனி ஒரு நாளும், ஒரு மழையிலும், யாரும் என் வண்டிக்காகக் குனியக் கூடாது என்று வீம்பு பிடித்தேன்.

வேலை முடிந்து தினமும் சாயங்காலம் அங்கே போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். மூன்று இரும்புக் குழாய்களைக் கூட்டி நிறுத்தி, செயின் பிளாக்கில் எஞ்சினைத் தொங்கவிட்டார்கள். பழைய தாங்கிகளை வெட்டியெடுத்து, புதிதாகச் செய்து வெல்டிங் வைத்தார்கள். ரேடியேட்டருக்கு இடமில்லாமல் அதை முன்னால் நகர்த்தினார்கள். கியர் பாக்ஸும் புதிது என்பதால், பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட்டை லேத்தில் கொடுத்து நீளம் குறைத்தார்கள். கனம் தாங்காமல் வண்டி மூக்கைத் தரையில் குத்தியபோது முன்பக்க ஸ்பிரிங்குகளை மாற்றினார்கள். கடைசியில் பானட் மூடவில்லை. நடுவில் ஒரு திமில்போலத் தட்டி எடுத்த பிறகுதான் மூடியது. எஞ்சின் நம்பரை ஆர்.சி. புக்கில் மாற்ற நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் உங்களுக்கும் கால் வலிக்கும்.

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த மறுநாள் காலை, எதிரே டீக்கடையில் எல்லோரும் இருந்தார்கள். நான் சாவியைத் திருப்பினேன். அரைச் சுற்றிலேயே எஞ்சின் கர்ஜித்தது. மண்டி ஆட்கள் விசில் அடித்தார்கள். பஞ்சர் கடைக்காரர் வந்து பானட்டின் திமிலைத் தட்டிப் பார்த்து, "சூப்பருய்யா! இனிமே நமக்கு இங்க வேல இல்ல" என்றார். மனதாரத்தான் சொன்னார். நானும் மனதாரச் சிரித்தேன். எஞ்சினை அணைக்கலாம், அணைத்து இறங்கி டீ குடிக்கலாம். ஆனால் தள்ளாதவர்களுக்கு எதற்கு டீ வாங்கிக் கொடுப்பது என்று ஒரு கூச்சம். கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டேன்.

அடுத்தடுத்த நாட்களில் அவர்களும் கையை ஆட்டினார்கள். பிறகு தலையை ஆட்டினார்கள். பிறகு, தினமும் கிளம்புகிற வண்டியை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ஒரு நாள் நானாகவே கடைக்குள் போனேன். மண்டி ஆள் எழுந்து எனக்கு பெஞ்சில் இடம் விட்டார். அக்கா டம்ளரை இன்னொரு தடவை கழுவி டீ கொடுத்தார். "வண்டி நல்லா ஓடுதா சார்?" என்று பஞ்சர் கடைக்காரர் கேட்டார். ஓடுகிறது என்றேன். கம்பெனி பஸ்ஸில் இருந்த அதே அமைதி அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. டீயைச் சூடாகவே விழுங்கிவிட்டு எழுந்தேன்.

எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. ஹைவேயில் மிதித்தால் லாரிகள் எல்லாம் பின்னால் போயின. எல்லோருக்கும் முன்னால் தொழிற்சாலைக்குப் போய், வாட்ச்மேனின் சல்யூட்டை வாங்கிக்கொண்டு, ஆளில்லாத லைனில் நின்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வரை ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. ஒரு சோடா குடித்துவிட்டு அப்படியே திருப்பிக்கொண்டு வந்தேன். அவ்வளவு பலமான எஞ்சின் என் ஒருவனை மட்டும் இழுத்துக்கொண்டு ஓடுவதை நினைத்து, வழியில் ஏரிக்கரை ஓரமாக நிறுத்தி அழுதேன். அழுதேன் என்று சொல்ல இப்போது வெட்கமில்லை.

அதற்குப் பிறகு காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். தண்ணீர் எடுக்கக்கூட எழ முடியவில்லை. கீழே டீக்கடைச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. அக்காவின் குரல், மண்டி ஆட்களின் சிரிப்பு, டயர் தட்டுகிற ஓசை. முன்பென்றால் வண்டி கிளம்பும் நேரம் தாண்டியதும் யாராவது மேலே வந்து கதவைத் தட்டியிருப்பார்கள். இப்போது மழைக்காக வண்டியை, பூட்டிக் கிடந்த கீழ்வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் விட்டிருந்தேன். நான் போய்விட்டேனா, இருக்கிறேனா என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. இப்படியே செத்துப்போனால் வாடகை வாங்க வருகிறவர்தான் கண்டுபிடிப்பார் என்று தோன்றியது. அந்த பயம் காய்ச்சல் விட்ட பிறகும் விடவில்லை.

மூன்றாம் நாள் காலை எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு, வண்டியை வழக்கமான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து பானட்டைத் திறந்து, ஸ்பேனரால் பேட்டரி ஒயரைக் கழற்றி ஓரமாகப் போட்டு மூடினேன். டீக்கடை நிறைகிற வரைக்கும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கி, பானட் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றேன்.

முதலில் அக்காதான் பார்த்தார். "தோ பாரு, புது எஞ்சினும் பூட்ச்சி!" என்று கத்தினார். கடையில் ஒரே சிரிப்பு. எல்லோரும் எழுந்து வந்தார்கள். வந்த வேகத்தில் பஞ்சர் கடைக்காரர் பானட்டைத் தூக்கினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பழைய எஞ்சின் இருந்தவரை யாரும் பானட்டைத் திறந்ததே இல்லை. கழன்று கிடந்த ஒயரைப் பார்த்தார். பக்கத்தில் நான் எடுக்க மறந்த ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு, காய்ச்சலில் வற்றிப்போன என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னாண்ணா?" என்று பின்னாலிருந்து மண்டி ஆள் எட்டிப் பார்க்க வந்தார்.

பஞ்சர் கடைக்காரர் பானட்டைப் படக்கென்று மூடினார். "பேட்டரி டவுனு. தள்ளுங்கடா."

நான் ஏறி உட்கார்ந்தேன். புது எஞ்சின் கனத்துக்கு வண்டி லேசில் நகரவில்லை. மண்டி ஆட்கள் என்னையும் எஞ்சினையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். தேரடி தாண்டியது, பூக்கடைகள் தாண்டின. ஒயர் கழன்று கிடக்கிற அந்த வண்டியைப் பெங்களூர் வரை தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. அது எனக்குத் தெரியும். ஜன்னலில் கை கொடுத்து, என் தோளை உரசியபடி மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு வந்தவருக்கும் தெரியும். கிளட்ச்சைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் தலையை உள்ளே நீட்டி, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"இன்னும் எவ்ளோ தூரம்யா தள்ளணும்?"

"கொஞ்ச தூரம்ணே" என்றேன்.