ஏழாம் அறைக்கும் எட்டாம் அறைக்கும் நடுவில்

என்னை வேலையில் வைத்திருப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும் வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள்தான் அந்தப் பிழையைக் கண்டேன். பிழை என்னுடையது. வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. சுவிஸில் கட்டடப் படம் கீறிய அனுபவத்தோடு லண்டனுக்கு வந்து, பழைய கட்டடங்களைத் திருத்தும் சின்ன அலுவலகம் ஒன்றில் மூன்று மாத புரொபேஷனில் இருந்தேன். மேலாளர் வாசுகி மதுரைக்காரி, என்னைவிட ஆறு வயது இளையவர். மகா கண்டிப்பு. ஆனால் மத்தியானத்தில் தன் தயிர்சாதத்தில் பாதியை என் பக்கம் தள்ளாமல் சாப்பிடமாட்டார்.

வந்த வேலை, இஸ்தான்புல்லில் ஓட்டோமன் காலத்து மதரசா ஒன்று. அதை நூலகமாக்கப் போகிறார்கள். நடுவில் முற்றம், சுற்றிவரத் தூண் வைத்த விறாந்தை, அதற்குப் பின்னால் மாணவர் தங்கிய பதினான்கு அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிக் குவிமாடம், ஒரு கணப்படுப்பு, ஒரு புகைபோக்கி. பெரிய குவிமாடத்தின் கீழ் வகுப்பறை. அந்த ஒழுங்கில் எனக்குக் காதலே வந்துவிட்டது. அந்த மயக்கத்தில் ஓர் அறையை மட்டும் கவனமாகக் கீறி, மற்றப் பதின்மூன்றையும் கம்ப்யூட்டரில் கொப்பி போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை, அங்கிருந்து வந்த போட்டோக்களுக்கு இலக்கம் போடும்போது, ஏழாம் அறையின் போட்டோவில் எட்டாம் அறையின் ஜன்னல் தெரிந்தது. நடுச்சுவரில் ஒரு வாசல். துருக்கியில் மதரசாக்களை மூடிய பிறகு வீடில்லாத குடும்பங்கள் அங்கே குடியிருந்ததாக, கட்டடத்தை அளந்தவர்களின் சேர்வே குறிப்பில் இருந்தது. யாரோ இடம் போதாமல் சுவரை உடைத்திருக்கிறார்கள். வாசல் ஓரத்தில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள். என் படத்திலோ அது முழுச்சுவர். படத்தில் சுவர் இருந்தால் அங்கே வேலை செய்கிறவர்கள் அதைக் கட்டி அடைத்துவிடுவார்கள்.

வாசுகியிடம் போய்ச் சொன்னேன்.

“பதினாலு அறைக்கும் அளவு ஷீட் இருக்கே. பாக்கலையா?”

“பாக்கேல்லை. எல்லாம் ஒண்டுதானே எண்டு நினைச்சிட்டன்.”

போட்டோவை வாங்கிப் பார்த்தார். “சரி, வாசலைக் கீறுங்க. ஆனா அடைக்கணும்னு குறிப்பு போட்டுடுங்க. அது ஒரிஜினல் இல்லைண்ணா.”

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மனம் கேட்கவில்லை.

“அப்ப அங்க இருந்த சனம் ஒரிஜினல் இல்லையோ? இங்க லண்டனில, கோலியர்ஸ் வுட் வீட்டில நாங்களும் முன்னறையைப் பலகை அடிச்சு ரெண்டாக்கித்தான் இருக்கிறம். நாளைக்கு ஒருத்தன் அதைக் கழட்டலாம். ஆனா அங்க ஒருத்தரும் இருக்கேல்லை எண்டு கீற ஏலாது.”

வாசுகி போனை எடுத்து, தன் செக்கிங்கில் தவறு நடந்துவிட்டது, படம் நாளைக்கு வராது, அடுத்த புதன்கிழமைதான் வரும் என்று வாடிக்கையாளரிடம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“பதினாலையும் தனித்தனியா கீறுங்க. வாசலுக்கு என்ன குறிப்புன்னு நீங்களே எழுதுங்க.”

“அப்ப என்ர வேலை?”

“புதன்கிழமை வரைக்கும் கீறச் சொல்றேன். வேலை இல்லாத ஆளையா சொல்லுவேன்?”

ஷீட்டைப் பார்த்துக் கீறினால், பதினான்கில் ஓர் அறைகூட இன்னொன்றைப் போல இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே மாதிரி இருக்கிறது என்று தோன்றினால், அங்கேதான் அளவை இரண்டாம் தரம் பாருங்கள்.

ஏழாம் அறைக்குப் பக்கத்தில் எழுதினேன்: “குடியிருந்தவர்கள் திறந்த வாசல். அடைக்க வேண்டாம்.” வாசுகி அதில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் கீழே கையெழுத்துப் போட்டார்.