சீர்க்குடத்துத் தண்ணீர்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்பதே எனக்குப் பெரிய தண்டனை. அந்தப் புத்தியால் ஒரு காரையும் ஒரு நல்ல மனுஷனின் தொழிலையும் கெடுத்திருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த வண்டி. காலையில் எழுந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ, பானட்டைத் திறந்து தண்ணீரும் ஆயிலும் பார்த்துவிடுவார். அவர் வண்டி நடுவழியில் நின்றதாக யாரும் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

ஒரு வைகாசியில் அவருடைய தங்கச்சி மகள் பெரியவளானாள். தாய்மாமன் சீர் போனால்தான் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டுப்பாவாடை, பழத்தட்டு, பித்தளைக் குடம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கான்சாபுரத்துக்குக் கிளம்பினோம். வ. புதுப்பட்டியைத் தாண்டியதும் ஃபேன் பெல்ட் அறுந்துபோய், இன்ஜின் கொதித்து ஆவி கிளம்பியது.

"அது தானா ஆறட்டும். நீ கிட்டப் போகாத. செத்த நேரத்துல பெல்ட்டோட வாரேன்" என்று சொல்லிவிட்டு, வழியில் வந்தவரின் சைக்கிள் கேரியரில் ஏறிப் போனார்.

செத்த நேரம் முக்கால் மணி நேரமானது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் வீட்டு ஆட்கள் வாசலில் நின்று என்னென்ன பேசுவார்கள் என்று எனக்கு மனப்பாடம். இன்ஜினை நாமே ஆற்றி வைத்தால் அவர் வந்ததும் கிளம்பிவிடலாமே என்று தோன்றியது. பக்கத்துத் தோட்டத்தில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. சீர்க்குடத்தை எடுத்துப்போய் நிறைத்து வந்தேன். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். ஆவி சீறி அடங்கியதும் ஜில்லென்ற தண்ணீரை மளமளவென்று ஊற்றினேன். உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். வேறொன்றும் ஆகவில்லை. குடத்தைத் துடைத்துப் பழையபடி வைத்துவிட்டேன்.

அவர் பெல்ட்டோடு வந்தார். மாட்டிவிட்டு ரேடியேட்டரைத் திறந்து பார்த்து, "அம்புட்டுத் தண்ணியும் போயிரல, தப்பிச்சோம்" என்று சந்தோஷப்பட்டார். அவர் சொல்லை மீறியதற்கு அங்கேயே வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை. வாயை மூடிக்கொண்டேன். சீரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதம் போவதற்குள் இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. ராஜபாளையத்தில் ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். சின்ன வயதில் இவரும் அவரும் ஒரே லாரிப் பட்டறையில் வேலை பழகியவர்கள். அவருக்கு இவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடாமல் பேச வராது, நான் 'மதினி'. வண்டியை அவரிடம் கொண்டுபோன அன்று நானும் கூடப் போயிருந்தேன். அவர் ஆயிலை விரலில் தொட்டுக் காட்டினார். தண்ணீர் கலந்து காபி நிறத்தில் இருந்தது.

"அண்ணாச்சி, ரெண்டு வழி இருக்கு. இன்ஜின் பிளாக் நல்லா இருந்தா உள்ள கடைஞ்சு போரிங் போட்டு, புது பிஸ்டன் மாட்டி ஓட்டிரலாம். பிளாக் கீறல் விட்டிருந்தா எம்புட்டு வேலை பாத்தாலும் வீண். சிவகாசிப் பக்கம் ஆக்சிடெண்டுல அடிபட்ட வண்டி இன்ஜின் ஒண்ணு வருது, அதைத் தூக்கி வச்சிரலாம்."

"செத்தவன் வண்டி இன்ஜினா? அதெல்லாம் என் வண்டில ஏத்த மாட்டேன்" என்றார் இவர்.

"அப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சூட்டுல யாரும் பச்சைத் தண்ணி ஊத்துனீகளா? எரியிற விளக்குச் சிம்னில தண்ணி பட்டாப்புல பிளாக் கீறல் விட்டிரும். பாத்தாலும் கண்ணுக்குத் தெரியாது."

"ஏலே, யாருகிட்டக் கேக்க? என் வண்டியப் பத்தி உனக்குத் தெரியாதா?"

மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்தார், அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது என்கிற மாதிரி. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. நாலு ஆம்பிளைகள் நிற்கும் இடத்தில் புருஷன் பேச்சை எப்படி மறுப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தேன், அவ்வளவுதான். நானும் சிரித்து வைத்தேன்.

மெக்கானிக் இவர் வார்த்தையை நம்பி வேலையைத் தொடங்கினார். இருபது நாள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று எழுவேன்; சாமான் வந்துவிட்டது, பிஸ்டன் இறங்கிவிட்டது என்று இவர் வந்து சொல்லச் சொல்ல நாளைக்கு என்று தள்ளிப்போடுவேன். வண்டி வந்து பத்தாம் நாள், குற்றாலத்துக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப் போகையில் மறுபடியும் நின்றது. ஆயில் மறுபடியும் காபி நிறம். சிவகாசி இன்ஜினும் அதற்குள் கைமாறிப் போயிருந்தது.

இவர் ஷெட் வாசலில் நின்று கத்தியதை ரோடே வேடிக்கை பார்த்தது. "என் வண்டியக் கொன்னுட்டியேலே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். பம்புசெட், சீர்க்குடம், 'டிக்' சத்தம், ஒன்று விடாமல். அடித்தாலும் பரவாயில்லை என்றுதான் நின்றேன்.

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் நம்மகிட்டக் கேட்டப்ப நீயும் பக்கத்துலதான நின்ன? அப்பச் சொல்லாததை இப்பச் சொல்லுத?"

நான் முந்தானையைத் திருகினேன். நான் பொய் சொல்கிறேன் என்பதற்கு அதையே இவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

"எளகுன மனசு உனக்கு. அவனுக்காகப் பொய் சொல்லாத, ஏட்டி."

குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணினேன். அழுதேன். சிரித்துக்கொண்டே என் தலையைத் தடவினார்.

கார் பழைய இரும்புக்குப் போனது. இவர் ஒரு மில்லுக்கு வேன் ஓட்டப் போனார். ஸ்டாண்டு டிரைவர்களிடமெல்லாம் அந்த ஷெட்டைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே வண்டி வராமல் ஆக்கினார். மெக்கானிக் ஷெட்டைக் காலி செய்துவிட்டுத் தளவாய்புரம் பக்கம் மோட்டார் பம்பு வேலைக்குப் போனதாகக் கேள்வி. ஒரு முறை பஸ்ஸில் பார்த்தேன். "நல்லா இருக்கீகளா மதினி?" என்றார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அன்னைக்குச் சொல்லியிருக்கலாம் மதினி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

சில வருஷம் கழித்து அதே நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்திருந்தோம். பழைய கார் பேச்சு வந்தது. இவர் என்னைக் கைகாட்டி, "எவனோ பண்ணுன தப்பைத் தன் மேல போட்டுக்கிட்டு எங்கிட்ட அழுதா இவ. இந்த மாதிரி மனசு யாருக்கு வரும்?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தேன். அதையும் அடக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.