மூன்றாம் மாடிக்கு நான் எழுதிய புகார்

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகள் சென்ற மாதம் ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். ஓர் இனப்படுகொலையில் தாய், தகப்பன், தம்பிகள் எல்லோரையும் பறிகொடுத்துத் தப்பிய பெண் எழுதிய நினைவுகள். கொலைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துவிட்டேன். என்னை நிறுத்தியது ஒரு தட்டச்சுக்காரி. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கொலைகாரர்களுக்குப் பட்டியல் அடித்துக் கொடுத்தவள். பக்கத்து வீட்டுக்காரிதான், பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவாள், நல்லவள் என்று அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். புத்தகத்தை மூடிவிட்டுக் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். நானும் தொழிற்சாலை அலுவலகத்தில் முப்பது வருஷம் தட்டச்சு அடித்தவள்.

சில வருஷங்களுக்கு முன், சிங்கப்பூருக்கு இக்கரையில் உள்ள மாசாயில் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்கு ஒரு புல்வெட்டி குடிவந்தான். ரோஹிங்கியாக்காரன், முறையான பத்திரம் இல்லாத அகதி. மனைவி, நாலு வயது மகள். என் வீடு இரண்டாம் மாடி. அவன் பெயரை நான் கேட்டதே இல்லை; எல்லோரையும் போல நானும் பாய் என்றே கூப்பிட்டேன். நம் ஆட்களோடு சாலையோரம் புல் வெட்டிக் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தான். ஒருமுறை என் சமையல் கேஸ் தோங்கைக் கீழேயிருந்து தூக்கிவந்து வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்று நின்றான். "அங்க நம்ம ஊரு கம்பத்துல வீட்டுக்கெல்லாம் தீ வெச்ச ஆளு யாரு தெரியுமா அக்கா? என்கூட பந்து விளையாடுனவன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். தேநீர் கலக்கிக் கொடுத்தேன்.

பிறகு கைப்பேசியில் ரோஹிங்கியாக்காரர்களைப் பற்றிக் கண்டதெல்லாம் வர ஆரம்பித்தது. நாட்டையே பிடித்துக்கொள்வார்களாம். மறைப்பானேன், நானும் இரண்டை நாலு பேருக்கு அனுப்பினேன். மூன்றாம் மாடி வீட்டில் பத்துப் பேர் என்றார்கள். நான் கண்டது மூன்று பேரைத்தான். ஒருநாள் குடியிருப்போர் சங்கத் தலைவர் என் வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, மலாய்ல நீங்க எழுதுனா பேச்சே இல்ல லா. இமிகிரேஷன் இலாகாவுக்கு ஒரு பெட்டிஷன் அடிச்சுக் குடுங்க." அந்தப் புகழ்ச்சியில் குளிர்ந்துபோய் அன்றே அடித்தேன். குடியிருப்பாளர்கள் அச்சத்தில் வாழ்கிறார்கள் என்ற வரியை மூன்று தடவை திருத்தி அழகாக்கினேன். யாருக்கு அச்சம்? சத்தியமாக எனக்கு இல்லை. பட்டப்பகலில் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறவள் நான்.

கடிதம் இலாகாவுக்குப் போனது. ஒரு நகலைத் தலைவர் கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, பாய் மகளைக் கையில் பிடித்தபடி வாசலில் நிற்கிறான். இன்னொரு கையில் அந்த நகல்.

"நம்ம வீட்டு நம்பர் இருக்கு அக்கா. எனக்கு எழுத்து வாசிக்க வராது. என்ன சொல்றாங்க?"

என் கடிதத்தை என்னிடமே நீட்டுகிறான். ஓடிவிடு என்று சொல்ல வாய்வரை வந்தது. யார் எழுதியது என்று அடுத்து கேட்டால்? அந்தக் குழந்தை வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒன்னுமில்ல பாய். குப்பைய ஒழுங்கா போடணுமாம்."

"அவ்ளோதானா அக்கா!" ஐயோ, அப்போது அவன் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்திருக்கவே கூடாது. அன்று மாலை மூன்றாம் மாடி நடைபாதை முழுவதையும் சோப்புப் போட்டுக் கழுவினான். அடுத்த வீட்டுக்காரர்களின் குப்பையையும் சேர்த்துக் கீழே சுமந்துகொண்டு போனான். மெர்சிங்கில் மீன் படகில் வேலை செய்யும் மச்சான் ஒருவன் அவனுக்கு இருந்தான். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே குடும்பத்தோடு அங்கே போயிருப்பான். திங்கட்கிழமை இரண்டு தடவை பாதிப் படி ஏறினேன். இரண்டு தடவையும் இறங்கி வந்துவிட்டேன்.

புத்தகம் எழுதிய பெண் அந்தத் தட்டச்சுக்காரியைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் செய்ததை மட்டும் செய்தபடியே எழுதி வைத்திருக்கிறாள். தீமை செய்கிறவர்களுக்கு வெறுப்பாவது இருக்கும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அவன்மேல் ஒரு வெறுப்பும் இல்லையே! அவர்களை எங்கே கொண்டுபோனார்கள், இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது. பாய் எந்தக் காலத்திலும் புத்தகம் எழுதப்போவதில்லை. அதனால் நான் செய்ததை நானே எழுதி வைக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு இலாகா லாரி வந்தது. மேலே பூட்ஸ் சத்தம், பிறகு குழந்தையின் அழுகை. கதவைக் கொஞ்சமாகத் திறந்து நின்றேன். மனைவி குழந்தையின் முகத்தைத் தன் முக்காட்டுக்குள் இழுத்து மூடிக்கொண்டு இறங்கினாள். பின்னால் கைவிலங்கோடு பாய். என்னைக் கண்டதும் அவனுக்கு உயிர் வந்தது போல இருந்தது.

"அக்கா, இவங்ககிட்ட நீங்க சொல்லுங்க அக்கா. குப்பை எல்லாம் ஒழுங்காதானே போட்டேன்?"

அதிகாரி நின்றார். இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா என்று மலாயில் என்னிடம் கேட்டார்.

தெரியாது என்றேன்.