இன்னிக்கு ராத்திரிதான் நாளைக்கு

என் கணவர் பெயர் அழகியமணவாளன். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். அதே பள்ளிக்கூடத்து ஆபீஸில் நான் கிளார்க். எண்ணூறு பிள்ளைகளின் பிறந்த தேதி என் விரல் நுனியில் இருந்தது. ரிஜிஸ்தரைப் புரட்டாமலே சொல்வேன். 'வேதவதி மேடத்துக்குத் தேதி தப்பாது' என்று ஹெட்மாஸ்டரே சொல்லுவார். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இந்தப் பெருமைதான் என்னைக் குப்புறத் தள்ளியது, அதனால் சொல்கிறேன்.

அவருக்கு எழுபத்துநாலு வயசு. உலகப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போர்டில் போடுவார். ஆனால் அவர் தாண்டிய ஒரே கடல் பாம்பன் பாலத்துக்குக் கீழே இருந்த கடல்தான். ஒவ்வொரு வருஷமும் ஏழாம் வகுப்புக்குப் பூமத்திய ரேகை பாடம் வரும். அன்றைக்கெல்லாம் மனுஷர் தரையில் நிற்கமாட்டார். இந்தோனேஷியாவில் போன்டியானக் என்று ஓர் ஊர் அந்தக் கோட்டின்மேலேயே இருக்கிறதாம். கோடு போகிற இடத்தில் ஒரு தூண் நட்டிருக்கிறார்களாம். மார்ச்சில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை, உச்சி வெயிலில் அங்கே நிழலே விழாதாம். "ஒரு கால் வடக்கே, ஒரு கால் தெற்கே. நிழல் கிடையாது. ஒருநாள் நான் போய் நிக்கப்போறேன்டா" என்று முப்பத்தாறு செட் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். அதுகளும் முப்பத்தாறு வருஷம் சிரித்தன. வீட்டில் நானும் சிரித்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, காய்கறி வாங்கப் போனவர் கீழச்சித்திரை வீதி முனையில் நின்றுகொண்டு வீட்டுக்கு எந்தப் பக்கம் போகணும் என்று பூக்காரியைக் கேட்டிருக்கிறார். அதிலிருந்து ஆரம்பித்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போவார். நாத்தனார் செத்துப்போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, அவளுக்குப் போன் போடச் சொல்லுவார். தில்லைநகர் டாக்டர் தலையை ஸ்கேன் படங்கள் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னு ஆசை இருந்தா இந்த வருஷத்துக்குள்ள போயிட்டு வந்துடுங்கம்மா. அப்புறம் போனாலும் எங்க போனோம்னு அவருக்குத் தெரியாது. போற இடத்துல போட்டோ எடுங்க. அன்னன்னிக்கு நடந்ததை அவர் கையாலயே ஒரு நோட்டுல எழுத வைங்க. பின்னால அதுதான் அவருக்குப் பிடிமானம்."

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷர் வாழ்நாளில் கேட்டது ஒரு கோடு. அது கோடு என்று தெரிகிறபோதே அதன்மேல் அவரை நிறுத்திவிட வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம் என்று ரங்கநாதனிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

எங்கள் பெண் கமலினி சிங்கப்பூரில் இருக்கிறாள். ஏற்பாடெல்லாம் அவள்தான். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கே இரண்டு நாள் ஓய்வு, ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக போன்டியானக், செப்டம்பரில் நிழல் விழாத அந்தத் திங்கட்கிழமை உச்சியில் தூண். "வியாழக்கிழமை கிளம்பி வாங்கோம்மா" என்றாள். நான் ஒரேயடியாக மறுத்தேன். வியாழக்கிழமை தெற்கே சூலம். சிங்கப்பூர் நமக்குத் தெற்கேதானே இருக்கிறது? உடம்பு சரியில்லாதவரைக் கூட்டிக்கொண்டு சூலத்துக்கு எதிரேயா போவது?

"வெள்ளிக்கிழமை போடு. மேக்கேதான் சூலம், நமக்கு ஒண்ணுமில்லே."

"சரிம்மா, வெள்ளிக்கிழமையே போட்டுட்டேன். நடு ராத்திரி ஃப்ளைட். சந்தோஷமா?"

ரொம்ப சந்தோஷம். டிக்கெட்டை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன். வெள்ளி, 00:40. வெள்ளிக்கிழமை நடு ராத்திரி தாண்டி நாற்பது நிமிஷம். இதில் குழப்பம் என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். ஏகாதசி விரதமோ, திருநட்சத்திரமோ, எதற்கும் அதுதான் கணக்கு. தெரு முனையில் டாக்ஸி வைத்திருக்கும் காத்தானிடம் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டி சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் பதினைந்து நாள் நான் பட்டது பகவானுக்குத்தான் வெளிச்சம். நான் பெட்டி கட்டுவேன், அவர் பிரிப்பார். சாத்துமுதுப் பொடி, புளிக்காய்ச்சல், வடாம் எல்லாம் இரண்டு கவர் போட்டுக் கட்டி அடுக்கி, வேட்டிகளை மடித்து வைத்துவிட்டுத் தளிகை பண்ண உள்ளே போவேன். திரும்பி வந்தால் எல்லாம் கட்டிலில் கிடக்கும். "வந்தாச்சே வேதா, எடுத்து வெச்சுடலாம்னு பார்த்தேன்" என்பார். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிவிட்டோம் என்று நினைப்பு. இன்னொரு நாள் மேஜைமேல் இருந்த பூகோள உருண்டையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டப் பார்த்தார். மூடி பிளந்துகொண்டது.

"பிராணனை வாங்காதேள்! பூமியையே தூக்கிண்டு போகணுமா?"

"அடையாளம் பார்க்க வேண்டாமா?" என்றார் பாவமாக.

கத்தினேன். நிறைய கத்தினேன். கத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுவேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் உச்சிவேளைக்கு அவர் பழைய மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். அதை நேராக நிறுத்தி நிழலை அளப்பார். "இன்னும் இருக்கு. அங்கே இருக்காது" என்பார். அந்த ஐந்து நிமிஷம் மட்டும் பழைய சார். அந்த ஐந்து நிமிஷத்தை நம்பித்தான் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சொன்ன மாதிரி ஒரு நீள நோட்டும் வாங்கினேன். முதல் பக்கத்தில் அவர் பெயர், என் பெயர், கமலினியின் போன் நம்பர் எல்லாம் நானே எழுதினேன். மிச்சப் பக்கங்கள் அவருக்கு.

வியாழக்கிழமை மத்தியானம் கமலினி மெசேஜ் போட்டிருந்தாள், எல்லாம் ரெடியா என்று. கட்டியாச்சு, ரெடி என்று பதில் போட்டேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால் கூடத்தில் அவர் பேண்ட் சட்டை போட்டு, ஷூ மாட்டி, கையில் ஸ்கேலோடு நிற்கிறார்.

"வேதா, கிளம்பு. நேரமாச்சு."

"நாளைக்குன்னா. நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"அதான் சொல்றேன். இன்னிக்கு ராத்திரிதான் நாளைக்கு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் விடவில்லை. ஒரு விரலை உயர்த்தி, "பூமி மேற்கேயிருந்து கிழக்கா சுத்தறது. நாள் எப்போ மாறும், சொல்லு பார்ப்போம்?" என்று ஆரம்பித்தார்.

"கிளாஸ் எடுக்காதேள். நான் ஒண்ணும் ஏழாம் கிளாஸ் இல்லே. ஷூவைக் கழட்டுங்கோ."

சமையலறைக்குப் போய்விட்டேன். பத்து நிமிஷத்தில் வாசலில் காத்தான் குரல்.

"மாமி, சார் வந்து வண்டியில ஏறி உக்காந்துட்டாருங்க. ஏர்போர்ட் போகணும்ங்கறாரு. நீங்க நாளைக்குத்தானே சொன்னீங்க?"

ஓடினேன். அவர் பின் சீட்டில் சீட் பெல்ட்டெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. கையைப் பிடித்து இழுத்தேன். வரமாட்டேன் என்று முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வேதா, போயிடும். கேளேன், போயிடும்."

"எதுவும் போகாது. உங்க புத்திதான் போயிடுத்து!" என்றேன். தெருவில் வைத்து, காத்தான் எதிரே, இந்த வாயால் சொன்னேன்.

அவர் கம்பியை விட்டுவிட்டார். இறங்கி என் பின்னால் வந்தார். நான் மோர்சாதம் பிசைவதற்குள் கூடத்தில் பெட்டியைத் திறந்து என்னவோ பண்ணிக்கொண்டிருந்தார். மறுபடி பிரிக்கிறார் போலிருக்கிறது என்று போய்ப் பிடுங்கிப் பூட்டினேன். சாதம் கொடுத்தேன், தூக்க மாத்திரை கொடுத்தேன். எட்டு மணிக்குப் படுக்க வைத்தேன். போன் சத்தம் அவரை எழுப்பக் கூடாதே என்று சத்தத்தையும் நிறுத்தி சமையலறையில் சார்ஜில் போட்டேன். எவ்வளவு அக்கறை பாருங்கள் எனக்கு.

வெள்ளிக்கிழமை காலை டிகாக்ஷன் இறக்கிவிட்டுப் போனை எடுத்தேன். பத்தொன்பது தடவை கூப்பிட்டிருக்கிறாள் கமலினி. என்னவோ ஏதோ என்று பதறி அவளுக்குப் போன் போட்டேன்.

"அம்மா! எங்கம்மா இருக்கேள்? நான் வெளியிலயே நிக்கறேன். எல்லாரும் வந்துட்டா. அப்பாவுக்கு உள்ளே ஏதாவது ஆயிடுத்தா?"

"எங்கேடி நிக்கறே?"

"ஏர்போர்ட்லம்மா."

"ஏர்போர்ட்ல என்ன பண்றே? நாங்க இன்னிக்கு ராத்திரிதானே கிளம்பறோம்?"

அவளுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிறார்கள், பெட்டி உருளுகிற சத்தம் கேட்கிறது. அப்புறம் அவள் மெதுவாக, "அம்மா, ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல வெள்ளிக்கிழமைம்மா. ஃப்ளைட் வந்தாச்சு" என்றாள்.

எனக்குத் தெரியாதா? இதே சண்டையைப் பள்ளிக்கூட ஆபீஸில் எத்தனை அப்பாக்களோடு போட்டிருக்கிறேன்! 'பையன் வியாழக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்குப் பிறந்தாங்க' என்று வருவார்கள். 'அப்படின்னா வெள்ளிக்கிழமை தேதிதான் போடணும், ஆஸ்பத்திரி சீட்டைப் பாருங்க' என்று திருத்துவேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தேதியைத் திருத்தினேன். என் வீட்டுக்கு வந்தபோது பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அவரை வண்டியிலிருந்து இழுத்து இறக்கினேன். அங்கிருந்து ஏர்போர்ட் அரை மணி தூரம்.

கமலினி எங்கெங்கோ முயன்றாள். புதன்கிழமைக்கு முன்னால் இடமில்லை. திங்கட்கிழமை உச்சிவேளை அங்கே நிழல் விழாமல் போயிருக்கும். இங்கே மொட்டைமாடியில் நான் மட்டும் வெயிலில் நின்றேன். அவரைக் கூப்பிட்டேன். "எதுக்கு, துணி காயப்போடவா?" என்றார். அந்த வியாழக்கிழமைக்கு அப்புறம் அவர் நிழல் அளக்கவே இல்லை. நான் பேசியதில்தான் அப்படி ஆயிற்றா, நோயே அப்படித்தானா என்று டாக்டரைக் கேட்டேன். நோய்தான் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை.

பெட்டியைத் திறக்கவே எனக்குத் துணிச்சல் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மார்கழியில் குளிர் தாங்காமல் அவர் நடுங்கினார். ஃப்ளைட்டுக்கு என்று வாங்கிய ஸ்வெட்டர் அதற்குள்தானே இருக்கிறது என்று இழுத்துப் பிரித்தேன். புளிக்காய்ச்சல் கவர் வெடித்து ஒரு வேட்டி பாழாகியிருந்தது. ஸ்வெட்டருக்கு அடியில் அந்த நீள நோட்டு. நான் எழுதிய முதல் பக்கத்தைத் திருப்பினேன். இரண்டாம் பக்கத்தில் அவர் கையெழுத்து, போர்டில் எழுதுகிற மாதிரி உருட்டி உருட்டி. மேலே ஒரு வட்டம், நடுவே ஒரு கோடு. அதற்குக் கீழே:

'வியாழன் இரவு மணி 12: வெள்ளி ஆரம்பம். விமானம் 00.40. ஆகவே புறப்பாடு இன்று இரவு. வேதாவிடம் மூன்று தரம் சொன்னேன். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. ஒருவேளை நான்தான் தப்பாக இருக்கும். வேதாவுக்குத் தேதி தப்பாது.'

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் எழுத வைக்கச் சொன்னாரே, அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதியது இந்த ஒரு பக்கம்தான்.

மார்ச்சில் வரச் சொல்லி கமலினி மறுபடி டிக்கெட் போட்டிருக்கிறாள். போன வாரம் அவரிடம் பூமத்திய ரேகை என்றால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். யாராத்துப் பொண்ணு ரேகா என்று கேட்டார். அந்த மர ஸ்கேலை இப்போது முதுகு சொறிய வைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்றைக்குக் காலையில் அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிவிட்டேன். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். வட்டத்தையும் கோட்டையும் தடவிப் பார்த்தார். ரொம்ப நாளைக்கப்புறம் முகத்தில் அந்தப் பழைய வாத்தியார் களை.

"யார் எழுதினது? சரியா எழுதியிருக்கானே!"

"ஆமான்னா," என்றேன். "அவர் சரியாத்தான் எழுதியிருக்கார். எனக்குத்தான் தேதி தப்பிடுத்து."