மணையில் உட்கார முடியாத மாப்பிள்ளை

கடலூரில் கர்ப்பப் பரிசோதனைக்குப் போனபோது எனக்கு சிபிலிஸ் இருப்பது தெரிந்தது. உடலுறவால் பரவும் நோய்.

"இப்பவே ஊசி போட்டா குழந்தையக் காப்பாத்திடலாம். பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

யாரிடமிருந்து வந்தது என்று பக்கத்தில் இருந்த கணவர் கேட்பாரோ எனப் பயந்தேன். அவரிடம் கேட்க அதே கேள்வி எனக்கும் இருந்தது. ஊசி என்றாலே ஓடுகிற மனிதர் டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டார்: "ஊசி எனக்கும் உண்டுங்களா?"

"கண்டிப்பா."

வாரம் ஒரு ஊசி, இருவருக்கும் இடுப்பில். இரண்டாவது ஊசி சிதம்பரத்தில் என் வளைகாப்பு நடந்த காலையில் வந்தது. எங்கள் வழக்கப்படி புருஷனையும் மணையில் உட்காரவைத்துச் சந்தனம் பூசுவார்கள். பிள்ளைத்தாய்ச்சி நான் நெளிந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் ஒருபக்கமாகச் சாய்ந்து முகம் சுளித்ததும் நாத்தனார் கேலிக்குப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, புள்ளத்தாச்சி அவளா, நீயா?"

"அவளுக்கு வலிச்சா எனக்கும் வலிக்குதுக்கா."

கூடமே சிரித்தது. அது சத்தியம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வரும்வரை.

மகள் பிறந்ததும் பரிசோதித்தார்கள். அவளுக்கு நோய் இல்லை. அவளுடைய முதல் தடுப்பூசிக்கு அவளுக்கு முன்பே அவர் முகம் அழுதது.

யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் இருவரும் இருந்தோம். மகள் வந்த பிறகு அதற்கு நேரமே கிடைக்கவில்லை.